சந்தையும் தட்டிவானும்: சாவகச்சேரியின் அடையாளம் பற்றிய ஒரு நோக்கு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் நம்மிடையே பெரும்பாலும் மூன்று படிகளில் தம் கடமையை முடித்துக்கொள்வர். முதலாவது பெயராராய்ச்சி, இரண்டாவது தலவரலாறு, மூன்றாவது அவ்வூரிற் பிறந்த புலவர், பண்டிதர், உத்தியோகத்தர் ஆகியோரின் வரிசை. பாடசாலை மலர்களும் கும்பாபிடேக மலர்களும் நீண்ட காலமாக இம்முறையையே கைக்கொண்டு வந்துள்ளன. சாவகச்சேரி பற்றிய எழுத்துக்களும் இதற்கு விலக்கல்ல. 1247ஆம் ஆண்டளவில் இலங்கைமீது படையெடுத்த சந்திரபானுவின் வழிவந்த சாவகர் குடியிருந்த சேரி சாவகச்சேரியாயிற்று என்பதும், நாவற்குழிப் பகுதியிலுள்ள சாவன்கோட்டை என்னும் இடப்பெயர் அதற்குத் துணைச்சான்று என்பதும் பலராலும் எடுத்துரைக்கப்பட்டவை. இக்கருத்து வலுவுடையதே. ஆயினும் சாவகர் யாவர் என்று தெளிந்த பின்னரும், ஏழு நூற்றாண்டுகள் கழித்துக் கண்டி வீதியோரத்திற் பலாப்பழத்துக்கு விலை பேசும் மனிதரைப்பற்றி நாம் யாதும் அறிந்தவராவதில்லை. ஆராய்ச்சியாளர் பொருள் காண முயலும் அச்சொல்லின் நடுவிலுள்ள ககரங்கூட ஊரவர் பேச்சில் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. அவர்கள் வழங்கும் பெயர் 'சாவச்சேரி' என்பதே.

பட்டினமொன்றின் இயல்பை அதன் வீதியிலும் அங்காடியிலுங் காணும் நோக்குத் தமிழுக்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைத்தே மதுரையை நமக்குக் காட்டினார். பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினம் அதன் தெருவில் வந்து குவிந்த பண்டங்களாலேயே உருப்பெறுகின்றது. இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கையில் பிட்டு விற்பாரையும் மீன் விற்பாரையும் உப்பு விற்பாரையும் விடாது கூறுகின்றார். இவற்றையெல்லாம் வகுப்பறையிற் பதவுரை, பொழிப்புரையுடன் பயின்ற நாம், நமது ஊரைப்பற்றி எழுதும்போது மாத்திரம் மீன் விற்பாரை ஏன் மறந்துவிடுகின்றோம் என்னும் வினா எழுதலியல்பு. மட்டுவில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899-1986) அவர்களையும் உரையாசிரியர் ம. க. வேற்பிள்ளை அவர்களையும் தந்த ஊர் அது. அதே மட்டுவில் யாழ்ப்பாணத்துச் சமையற்கட்டுகள் அனைத்திலும் அறியப்பட்டிருப்பதோ கத்தரிக்காயால். பங்குனித் திங்கள்களிற் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குச் செல்வோர் அங்கேயே அடுப்பு மூட்டிப் பொங்கிக் கத்தரிக்காய்க்கறியும் ஆக்கி உண்டு வருவர். பண்டிதரை ஊரின் அடையாளமாகவும் கத்தரிக்காயைச் சிரிப்புக்குரிய செய்தியாகவுங் கொள்ளும் மனப்பாங்கு கல்விச் செருக்கின்பாற்படும். பண்டிதமணி அவர்களின் உரைநடையிலே கமழும் கிராமத்து நகைச்சுவையை அறிந்தோர் அவர் இதனை ஒப்பியிரார் என்றே கருதுவர்.

யாழ்ப்பாணப் பட்டினத்தை ஒருவர் அடையாளங்காட்ட விரும்பின் அவர்க்குக் கட்டடங்கள் கைகொடுக்கும். கோட்டையுண்டு, 1875ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசரின் இலங்கை வருகையின் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரமுண்டு, 1981இல் எரியூட்டப்பட்டு மீள எழுந்த பொதுநூலகமுண்டு, அயலிலே நல்லூருண்டு. மனிதருட் கூட, 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யைத் தம் கையாலேயே வீதிதோறும் விற்றுத் திரிந்த டொமினிக் ஜீவா அப்பட்டினத் தெருவின் அடையாளமாகவே வாழ்ந்தார். சாவகச்சேரிக்கோ இத்தகைய காட்சிப்பொருள்கள் இல்லை. கோயில்களும் தேவாலயமும் பாடசாலைகளும் பெருமைக்குரியனவேயாயினும், அவற்றைக் காண்பதற்கென்று பிறவூரார் அங்கு வருவது அரிது. அவர்கள் வருவது வாங்கவும் விற்கவும், வாகனம் மாறவுமே. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழப் பத்து மைல் தொலைவிற் கண்டி வீதியில் அமைந்த இப்பட்டினத்தை 'இடைவழிப் பட்டினம்' எனல் பொருந்தும். புகையிரதப் பாதையின் வரலாறும் இதற்கொரு சான்று. வடபகுதிப் பாதையில் முதன்முதல் திறக்கப்பட்ட பகுதி 1902 மார்ச்சிற் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை அமைந்ததே. அவ்வாண்டு செத்தெம்பரிற் பாதை பளை வரை நீளும்வரையிற் புகைவண்டி வந்து நின்று திரும்பிய கடைசித் தரிப்பிடம் இதுவே. 1905இற் கொழும்புடன் தொடர்பு ஏற்பட்டபின் அது வழியிலுள்ள நிலையங்களுள் ஒன்றாயிற்று.

இத்தகைய பட்டினத்தின் அடையாளத்தை அதன் பரிவர்த்தனையிலேயே தேடவேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அதற்கு முதற்சான்று சந்தை.

தென்மராட்சியின் மணற்பாங்கான நிலம் வலிகாமத்துச் செம்மண்ணினின்றும் வேறுபட்டது. வலிகாமத்தான் கிணற்றிலிருந்து நீரிறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவித்தான். தென்மராட்சியான் பலா, மா, தென்னை என மரங்களை நம்பினான். ஆதலால் அவன் சந்தையின் காலக்கணிப்பும் வேறாயிற்று. வைகாசி, ஆனி, ஆடி மாதங்களிற் சாவகச்சேரிச் சந்தை வேறொரு முகங்கொள்ளும். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான், விளாட் என மாம்பழத்தின் வகைபிரித்து விலைகூறும் அறிவு அங்கு சிறுவர்க்கும் உண்டு. கறுத்தக்கொழும்பானுக்கும் செம்பாட்டானுக்கும் ஒரே விலை கூறும் ஒருவன் சந்தைக்குப் புதியவன் என்பது உடனே வெளிப்பட்டுவிடும். பலாப்பழத்தை வாங்குபவர் முதலில் முள்ளின் விரிவை நோக்குவர். பின்னர் விரலால் தட்டி ஓசை கேட்பர். இறுதியாகக் காம்படியில் மணம் பிடிப்பர். உள்ளிருப்பது வருக்கனா, கூழனா என்பதை வெட்டாமலே கூறவல்லவர்க்குச் சந்தையில் ஒரு தனி மதிப்புண்டு. எழுத்தில் இல்லாத, பாடத்திட்டத்தில் இடம்பெறாத இவ்வறிவு தலைமுறை தலைமுறையாகச் சந்தைத் தரையிலேயே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. நாட்டார் வழக்காற்றியல் என்று கூறிக்கொண்டு தாலாட்டையும் ஒப்பாரியையும் மாத்திரமே தொகுத்து வரும் நாம் இதனைத் தொகுக்காமை வியப்புக்குரியது.

பண்டங்களைத் தாங்கி வந்த கலங்களும் கவனத்துக்குரியன. கடகம், பெட்டி, உமல், சுளகு, பாய் ஆகிய பனையோலைப் பொருள்கள் சந்தையில் விற்பனைப் பண்டங்களாயும் விற்பனைக்கு வந்த பொருளைக் கொண்டுவரும் கலங்களாயும் ஒருங்கே பயின்றன. கடகத்தின் விளிம்பைப் பார்த்தே இழைத்த கையின் திறத்தை அறிவோர் இருந்தனர். ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் விற்ற பெண்கள் பெரும்பாலும் தாமே அவற்றை ஆக்கியவர்கள். உற்பத்தி செய்தவரும் விற்றவரும் ஒருவரேயாக இருந்த இந்நிலை சந்தைப் பேச்சுக்கு ஓர் உறுதியைக் கொடுத்தது. விலை குறைத்துக் கேட்பவரிடம் அப்பெண் தன் உழைப்பின் கணக்கைக் கூறுவாள். கேட்பவர் தன் வீட்டு நிலைமையைக் கூறுவார். பேரம் என்பது இருவேறு குடும்பக் கணக்குகள் நடுவீதியிற் சந்திக்கும் நிகழ்ச்சி. இடையிலே தரகர், குத்தகைகாரர், 'கழிவு' கொள்ளும் மொத்த வியாபாரி ஆகியோர் நிற்பர் என்பதையும் மறத்தலாகாது. எடையிற் கழிவு பிடிக்கும் வழக்கத்துக்கெதிராகக் குடாநாட்டு விவசாயிகள் இன்றுவரை முறையிட்டு வருகின்றமை சந்தை இனிமையே உருவான இடமன்று என்பதை உணர்த்தும்.

சந்தைக்குப் பண்டத்தையும் மனிதரையுங் கொண்டுவந்து சேர்த்த ஊர்திகளுள் மாட்டுவண்டிக்குப் பின்னர்ச் சிறப்பாகக் கூறத்தக்கது தட்டிவான். குடாநாட்டுக்கு வெளியே வளர்ந்தோர்க்கு இச்சொல் விளங்காமற் போகலாம். அயல்நாட்டில் ஆக்கப்பட்ட பழைய வாகனமொன்றின் அடிச்சட்டத்தின்மீது உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் மரத்தாற் கூடு கட்டி, உள்ளே நெடுக்காக வாங்குகள் அமைத்து, பக்கங்களைத் திறந்தவாறு விட்டு, பின்புறத்திற் சங்கிலியாற் பிணித்த பலகையொன்றைத் தொங்கவிட்டால் அது தட்டிவான். அப்பின்பலகையாகிய தட்டியே பெயருக்குக் காரணம் என்பது பொதுவான கொள்கை. மழை வந்தால் சுருட்டிவைத்த படங்கை இறக்கிவிடுவர். வரணியூடாகச் செல்லும் கொடிகாமம்-பருத்தித்துறை வீதி இதன் புகழ்பெற்ற தடம். தென்மராட்சிப் பலாப்பழமும் தேங்காயும் வடமராட்சிக்கும், வடமராட்சிக் கடற்பொருள்கள் இப்பக்கத்துக்கும் இவ்வண்டியிலேயே பரிமாறப்பட்டன. 1958 சனவரியில் தனியார் பேருந்துகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னரும் தட்டிவான் மறையவில்லை. சபையின் பேருந்து ஆளை ஏற்றும், கடகத்தை ஏற்றத் தயங்கும். தட்டிவானோ கடகத்தை முதலில் ஏற்றி ஆளைப் பின்னர் ஏற்றும். அதன் வாழ்நாள் நீண்டமைக்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அழகியல் நோக்கில் இவ்வண்டியைப் பார்த்தால் அதன் சிறப்பு மேலும் புலப்படும். பிறநாட்டு இயந்திரமும் உள்ளூர்த் தச்சனின் கைத்திறனும் ஒன்றையொன்று மறைக்காது இணைந்து நிற்கும் உருவம் அது. முகப்பு அதனை ஆக்கிய நாட்டைக் காட்டும். உடல் யாழ்ப்பாணத்து வண்டிற்பட்டறையைக் காட்டும். நவீன இலக்கிய வடிவங்களாகிய நாவலும் சிறுகதையும் ஈழத்தில் எவ்வாறு வேரூன்றின என்று ஆராய்வோர் இவ்வுருவத்தைச் சற்று நினைந்து பார்க்கலாம். கடன்கொண்ட சட்டத்தின்மீது தன் தேவைக்கேற்பக் கூடு கட்டிய தச்சன், நமது எழுத்தாளர் சிலரினும் தெளிவாகத் தன் வாசகரை அறிந்திருந்தான்.

இத்தகைய பழைய இயந்திரங்களின் உறுதி 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் நன்கு வெளிப்பட்டது. புகையிரதம் நின்று, எரிபொருட்டடை வந்து, மின்சாரம் அற்ற அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் சிறிதளவு பெற்றோலிற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த பழைய எந்திரங்களாதலால் அது இயல்வதாயிற்று. உதிரிப்பாகங்களைப் பட்டறையிலேயே வார்த்தும் கடைந்தும் செய்துகொண்டனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோ வானொலிக்கு மின் ஈந்தது. வறுமையின் சின்னமாகக் கருதப்பட்ட பழைமை அக்காலத்தில் வாழ்வாதாரமாயிற்று.

இதுவரை கூறியவற்றை வைத்து, அந்தக் காலம் இனியது, அந்தச் சந்தை இனியது, அந்த வண்டி இனியது என்று முடிவுகட்டுவோர் பலர். கடந்த சில தசாப்தங்களாகத் தாயகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருகிவரும் நினைவுக் கட்டுரைகளின் பொதுப்பண்பு இதுவே. அவற்றின் ஏக்கம் உண்மையானது. ஊரை இழந்தவன் பலாப்பழத்தின் மணத்தை நினைந்து எழுதுவதைக் குறைகூறுவது பண்பன்று. ஆனால் ஒரு பட்டினத்தின் அடையாளத்தை வரையறுக்கும் சான்றுகளாக இவற்றைக் கொள்ளும்போது திறனாய்வு வாளாவிருத்தல் ஒண்ணாது. இக்கட்டுரைகளில் தட்டிவானில் எல்லாரும் ஏறுகின்றனர், எல்லாரும் சிரிக்கின்றனர், ஒருவர் மடியில் மற்றவர் பிள்ளை உறங்குகின்றது. யார் வாங்கில் இருந்தார், யார் பின்பலகையில் நின்றார் என்ற வினா அவற்றில் எழுவதேயில்லை.

யாழ்ப்பாணச் சமூகத்தை அறிந்தோர்க்கு இவ்வினா அற்பமானதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிற் குடாநாட்டிலே ஒடுக்கப்பட்ட சாதியினர் பேருந்து இருக்கையில் அமர்வதும் வாடகைக் காரில் ஏறுவதும் தடுக்கப்பட்டிருந்தன என்பது ஆய்வுலகம் நன்கறிந்த செய்தி. தேநீர்க்கடைகளில் அவர்க்கு வேறாக வைக்கப்பட்ட பாத்திரம், சிகையலங்கரிப்பு நிலையங்களில் இடமின்மை, பொதுக்கிணற்றில் நீரின்மை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இவற்றைக் குற்றமாக்கிய பின்னரும் நடைமுறை எளிதில் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாட் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனையடுத்து ஊர்கள் பலவற்றில் நிகழ்ந்த தேநீர்க்கடை, ஆலய நுழைவுப் போராட்டங்களுமே வீதியைப் பொதுவாக்கின. 'பஞ்சமர்' (1972) முதலான கே. டானியலின் நாவல்கள் இவ்வரலாற்றின் இலக்கியப் பதிவுகள். அவற்றைப் படித்தபின் தேநீர்க்கடை வாங்கை வெறும் நினைவின்பமாக நோக்குதல் அரிது.

சந்தை மொழியிலும் இதே பிளவு காணப்படும். விற்பவரும் வாங்குபவரும் 'அக்கா', 'அண்ணை', 'ஆச்சி', 'தம்பி' என்று உறவுமுறை சொல்லி விளிப்பதை யாழ்ப்பாணத்தின் தனிப்பண்பாகப் புகழ்வர். அவ்விளி எல்லார்க்கும் ஒருபடித்தாகக் கிட்டியதா என ஆராய்தல் வேண்டும். 'நயினார்', 'நாச்சியார்' என விளிக்கவேண்டியிருந்தவரும், வயதில் முதிர்ந்திருந்தும் வெறும் பெயராலேயே அழைக்கப்பட்டவரும் அச்சந்தையிலேயே இருந்தனர். ஆயினும், காசு கைமாறும் இடமாதலால், கோயிலிலும் கிணற்றடியிலும் உடையாத கட்டு இங்கே சற்று விரைவாக நெகிழ்ந்தது என்று கருத இடமுண்டு. நல்ல பலாப்பழம் வைத்திருப்பவளை 'ஆச்சி' என்றழைத்தால் ஐந்து சதம் குறையுமெனின் அழைக்கத் தயங்குவோர் சிலரே. தயக்கம் தீர்ந்தமைக்குச் சீர்திருத்த உணர்வு மட்டுமே காரணமெனக் கொள்ளுதல் சந்தையை அறியாதார் கூற்று.

சந்தையையும் வண்டியையும் இத்துணை விரித்து நோக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சாவகச்சேரி அழிக்கப்பட்ட பட்டினம். 1987 ஒக்டோபர் 27இல் இந்தியப் படையின் உலங்குவானூர்தித் தாக்குதல் நிகழ்ந்தது இச்சந்தைப் பகுதியிலேயே. வாங்கவும் விற்கவும் வந்தோர் பலர் மாண்டனர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலங்கடந்து தென்மராட்சியை அடைந்தனர். பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் மாந்தோப்புகளும் அவர்தம் வீடுகளாயின. 1996 ஏப்பிரில் வரை அரையாண்டு காலம், குடாநாட்டின் வாழ்வு முழுவதும் இச்சிறு பட்டினத்தின் வீதிகளிற் செறிந்து கிடந்தது. யாழ்ப்பாணத்தார் தமக்கு ஒரு படி கீழ்ப்பட்டதாகக் கருதிய தென்மராட்சியிடம் நிழலும் நீருங் கேட்டு நின்ற காலம் அது. அதன் சமூக விளைவுகள் இன்னும் தக்கவாறு எழுதப்படவில்லை. பின்னர் 2000ஆம் ஆண்டு, ஏப்பிரிலில் ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து போர் தென்மராட்சிக்குட் புகுந்தது. மே மாதத்துக்கும் செத்தெம்பருக்கும் இடையிற் பட்டினம் கைமாறிக் கைமாறித் தரைமட்டமாயிற்று. சந்தைக் கட்டடம், கடைகள், பேருந்து நிலையம் யாவும் சிதைந்தன. தென்னையும் பனையும் தலையிழந்தன. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தான பின்னர் மக்கள் திரும்பியபோது பெயர்ப்பலகை நாட்டுவதற்குரிய சுவரும் அரிதாயிருந்தது.

அப்பட்டினம் சாவகச்சேரியாகவே மீண்டதெவ்வாறு என்பதே நாம் எதிர்கொள்ள வேண்டிய வினா. கட்டடங்களே அடையாளமெனின் 2000ஆம் ஆண்டுடன் அப்பட்டினம் முடிந்திருக்கவேண்டும். பழஞ் சந்தையின் தூண் ஒன்றுதானும் பேணத்தக்க சின்னமாக எஞ்சவில்லை. எஞ்சியவை, எந்த ஊரிலிருந்து எந்தப் பண்டம் எந்த மாதத்தில் வரும் என்னும் அறிவும், வந்தால் கண்டி வீதியோரத்தில் அதனை வாங்குவதற்கு ஆளிருக்கும் என்னும் நம்பிக்கையுமே. மரம் எஞ்சிய வளவுகளில் அடுத்த பருவத்துக்குக் காய்த்தது. காய்த்தது சந்தைக்கு வந்தது. வந்த இடம் சாவகச்சேரியாயிற்று. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் மீண்டபோது அது புதுக்கப்பட்ட நிலையங்களைக் கடந்து சென்றது. பட்டினம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னரே இயங்கத் தொடங்கிவிட்டது.

இக்காரணத்தாலேயே இன்று பெருகிவரும் 'மரபுச் சின்ன' வழக்கம் ஐயத்துடன் நோக்கற்பாலது. வழமையான பயணச் சேவையில் தட்டிவானின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எஞ்சியவற்றுக்கு வண்ணம் பூசி விழாக்களில் நிறுத்துகின்றனர்; உணவகச் சுவர்களில் ஓவியமாக்குகின்றனர்; மணமக்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பேணுதல் வேண்டாம் என்பது கருத்தன்று. ஒரு வண்டியாவது ஓடும் நிலையிலேயே பேணப்படுதல் நன்று. ஆனால் பேணுவோர் அதன் உருவத்தைப் பேணுகின்றனரேயன்றி அதன் பயனைப் பேண எண்ணுவதில்லை. தட்டிவானின் தொழிலை இன்று செய்வன முச்சக்கரவண்டியும் சிறு பாரவூர்தியும் 'லான்ட்மாஸ்ரர்' எனப்படும் இரு சில்லு உழவூர்தியின் பெட்டியுமே. இவற்றை எவரும் சுவரில் வரைவதில்லை. அழகற்றவை என்பர். நூறாண்டுக்கு முன்னர் மாட்டுவண்டியை அறிந்த கண்ணுக்குத் தட்டிவானும் அவ்வாறே தோன்றியிருக்கும்.

இத்துறையில் ஆராயப் புகும் மாணவர்க்கு உடனடியாகச் செய்யத்தக்க பணிகள் சில உள்ளன. தட்டிவான் கூடு கட்டிய தச்சர்தம் தொழிற்சொற்கள், பலாவும் மாவும் தரம்பிரிக்கும் சொற்கள், விலைபேசுகையில் வழங்கிய மறைமொழிகள், விளிச்சொற்களும் அவை இடத்துக்கிடம் மாறிய முறையும் ஆகியன அகராதிகளில் முழுமையாக இடம்பெறாதவை. இவற்றை அறிந்த முதியோர் இன்னும் மீசாலையிலும் வரணியிலும் கச்சாயிலும் வாழ்கின்றனர். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. அவர்களிடம் செல்வோர் சாவகர் வரலாற்றைப்பற்றிக் கேளாது, முதலில் அவர் எந்த நாளில், என்ன பண்டத்துடன், எவ்வளவு கூலி கொடுத்து, வண்டியின் எப்பகுதியில் இருந்து அல்லது நின்று சந்தைக்கு வந்தார் என்று கேட்பாராக.